சிவந்து வந்த முதல் தகடு

பச்சை அக்கா வேலைக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம், ஒரு பித்தளைத் தகட்டை எடை போடுவது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சதுரத் தகடு. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சின்னத் தராசில் அதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண் நடுங்காமல் நிற்கும்வரை காத்திருப்பாள். பிறகு சுவர்ப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவாள். அதற்குள் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். பட்டறையே தீப்பிடித்தாலும் அந்த எண்ணை எழுதிவிட்டுத்தான் ஓடுவாள் என்று மெருகு இயந்திரத்தில் நிற்கும் அண்ணன் சொல்வது வழக்கம்.

எழுதியபின் தகட்டைக் காரத்தில் முக்கி, நீரில் அலசி, அமிலத்தில் ஒரு கணம் காட்டி, மறுபடி அலசி, பெரிய தொட்டியின் நடுக்கம்பியில் தொங்கவிடுவாள். அது நிக்கல் முலாம் தொட்டி. பாட்டில் கண்ணாடி மாதிரி அடர்பச்சை நீர். அந்தப் பச்சை இருபத்திரண்டு வருடமாக அவளுடைய மேலங்கியிலும் காலணியிலும் தெறித்துத் தெறித்துத்தான் அவள் பச்சை அக்கா ஆனாள். தொட்டியின் இரண்டு ஓரங்களிலும் துணிப்பைகளில் நிக்கல் துண்டுகள் தொங்கும். சுவரோரம் குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ஒரு மின்பெட்டி. மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைப்பது அதன் வேலை. அதிலிருந்து ஒரு ஒயர் பைகளுக்கும் இன்னொன்று நடுக்கம்பிக்கும் போகும்.

ஒன்றரை ஆம்பியர், மூன்று நிமிடம். வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி எடை போட்டால், மஞ்சள் தகடு வெள்ளையாகி, கிராமில் நூற்றில் எட்டுப் பங்கு கனம் கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தால்தான் அன்றைய சரக்கு தொட்டிக்குள் இறங்கும்.

"தங்கச்சி, தொட்டிக்கு ஜோசியம் பாத்தாச்சா?" என்பார் மெருகு அண்ணன்.

"பாத்தாச்சுண்ணே. உங்களுக்கு இன்னைக்கு வேலை ஜாஸ்தியாம்."

இந்த வழக்கம் வேறெந்தப் பட்டறையிலும் இல்லை. இது அவள் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. அப்போது மின்பெட்டியின் ஒயர்களை நுனியில் இருக்கும் கவ்வியால் கையாலேயே மாட்டவேண்டும். அவள் இடம் மாற்றி மாட்டிவிட்டாள். நாற்பது பித்தளைக் கைப்பிடிகள் உள்ளே இறங்கின. அரைமணி நேரம் கழித்துத் தூக்கியபோது முலாம் ஏறியிருக்கவில்லை. கைப்பிடிகள் மெலிந்து, சொரசொரத்து, அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக இருந்தன. பட்டறை முழுக்கச் சிரித்தது. "சட்டை போட்டுவிடச் சொன்னா, தோலை உரிச்சு அனுப்பியிருக்கா!" என்றார் அன்றைக்கும் மெருகு இயந்திரத்தில் நின்றிருந்த அதே அண்ணன். கரைந்துபோன பித்தளை நீரைக் கெடுத்துவிட்டது. நெளிந்த இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அதை இழுத்து வெளியே எடுக்க நான்கு நாள் பிடித்தது.

அவள் அழவில்லை. அரிபட்ட கைப்பிடிகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் கணவர் பூட்டுக்காரர். சாவி செய்வது, கதவு திறந்து கொடுப்பது அவர் தொழில். அவர் அந்தக் கைப்பிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லா பிடிமானமா இருக்கே" என்று சமையலறை அலமாரிக் கதவில் பொருத்திவிட்டார். இன்றைக்கும் அந்த அலமாரியை அதைப் பிடித்துத்தான் திறக்கிறார்கள்.

ஆனால் அவளுக்குள் அன்றைக்கு ஒரு கேள்வி எழுந்து உட்கார்ந்துகொண்டது. கேள்வி புதிதல்ல. பள்ளி இறுதித் தேர்வில் வேதியியலில் இரண்டு மதிப்பெண்ணில் தோற்றவள் அவள். கேட்டிருந்தது இதுதான்: ஓர் அணு எலக்ட்ரானை இழந்தால் அதற்கு என்ன மின்சுமை வரும்? அவள் 'எதிர்' என்று எழுதினாள். இழந்தால் குறையத்தானே வேண்டும்? விடை 'நேர்' என்றார்கள். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் சரியாக இரண்டு. இழந்தவனுக்கு எப்படி நேர் வரும் என்ற எரிச்சல் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

கைப்பிடிகள் கரைந்தபிறகு, பழைய புத்தகக் கடையில் அதே பாடநூலை வாங்கிவந்து மதிய இடைவேளைகளில் புரட்டினாள். வரிகள் புரிந்தன, விஷயம் பிடிபடவில்லை. பிடிபட்டது வீட்டில்தான். அப்போது அவர்கள் கூட்டுக் குடும்பம். அதில் கணவரின் சின்ன அத்தையும் அத்தையின் வீட்டுக்காரரும் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை முணுமுணுப்பு. ஒருநாள் அந்த இருவரும் வெளியூர் கிளம்பினார்கள். வாசலில் வண்டி திரும்பி மறைந்ததுதான் தாமதம், வீட்டில் ஒரே சிரிப்பும் பேச்சும். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள். எலக்ட்ரானே ஒரு முணுமுணுப்புதான். அதுவே எதிர். எதிர் கிளம்பிப் போனால் மிச்சமிருப்பது நேர்தானே!

அவள் தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்த மாமியார், "பொண்ணுக்கு என்னடா ஆச்சு?" என்று மகனைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து தொட்டி அவளுக்குத் திறந்த புத்தகம். பைக்குள் கிடக்கும் நிக்கல் துண்டில் ஓர் அணு தன் எலக்ட்ரான் இரண்டை விட்டுக்கொடுக்கிறது. கொடுத்ததும் அது அயனி. நேற்றுவரை ஆணி அடிக்கலாம் போல் இருந்த உலோகம் நீரில் இறங்கிப் பச்சையாகிவிடுகிறது. விட்டுப்போன எலக்ட்ரான்கள் நீருக்குள் வராமல் ஒயர் வழியாகப் பெட்டிக்குப் போய், நடுக்கம்பிக்கு வந்து, பித்தளையின்மேல் காத்திருக்கின்றன. நீந்திவரும் அயனி அங்கே இரண்டை வாங்கிக்கொள்கிறது. மறுபடி உலோகமாகி, வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. தகட்டில் நூற்றில் எட்டுப் பங்கு கூடுவது கடவுள் கருணையால் அல்ல. இத்தனை ஆம்பியர், இத்தனை நிமிடம் என்றால் இத்தனை எலக்ட்ரான். அவ்வளவுக்கு அவ்வளவு நிக்கல். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அந்த நேர்மை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

இருபத்திரண்டு வருடத்தில் தொட்டிப் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. தினசரித் தாளில் கையெழுத்து அவளுடையது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது.

இதற்குத்தான் ஆபத்து வந்தது. மருத்துவமனைகளின் ஆக்சிஜன் குழாய்களுக்குப் பித்தளை இணைப்புகள் செய்யும் ஒரு நிறுவனம் முலாம் வேலையைத் தர முன்வந்தது. பட்டறைக்கு மூன்று வருடத்துக்குப் போதுமான வேலை. முதலாளி புது மின்பெட்டியே வாங்கிவிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: தொட்டித் தாளில் கையெழுத்திடுகிறவர் அவர்களுடைய தர அதிகாரியின் முன்னால் தொட்டியை ஓட்டிக்காட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கவேண்டும். தேறாவிட்டால் பட்டம் படித்த ஒருவரை அவர்களே அனுப்புவார்கள்.

"அப்ப நான்?" என்றாள்.

முதலாளி மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினார். "பேக்கிங்ல ஆள் வேணும்மா. சம்பளம் குறையாது."

சம்பளம் குறையாது என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வீட்டில் பூட்டுக்காரர் அதிகாரி வேடம் போட்டார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு, "சொல்லுங்க மேடம், தொட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

"ஏங்க, சிரிக்காம கேளுங்க."

"நான் எங்க சிரிச்சேன்? மீசைதான் சிரிக்குது."

அவள் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். தொட்டி முன்னால் நின்றால் தானாக வருகிற பேச்சு, கேள்வி என்று வந்ததும் வரவில்லை.

"பள்ளிக்கூடப் பரீட்சையிலயும் இப்படித்தான் கேட்டாங்க. தப்பா எழுதினேன்," என்றாள்.

பூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எந்தப் பூட்டையும் பாத்த உடனே திறக்கிறது இல்ல. முதல்ல ஒரு கம்பிய விட்டு உள்ள எது நகருது, எது நகரலைன்னு பாப்பேன். நீ உன் தகட்டைத் தொங்கவிடு. அதப் பாத்துப் பேசு. அந்த அதிகாரியப் பாக்காத."

தர அதிகாரி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். அறுபதை நெருங்கும் அம்மாள். கையில் அட்டை, காதில் பென்சில், தண்ணீர் வேண்டுமா என்றதற்குத் தலையாட்டல் மட்டும். புது மின்பெட்டி பளபளவென்று நின்றது. முதல்நாள் மாலைதான் ஒயர்மேன் அதைப் பொருத்தியிருந்தான். முதல் தொகுதி இணைப்புகள், நூற்றிருபது, தாங்கியில் கோத்துத் தயாராக இருந்தன.

பச்சை அக்கா தகட்டை எடை போட்டுப் பலகையில் எழுதினாள்: 12.40.

முதலாளி அவள் காதருகே வந்தார். "அம்மா, இன்னைக்கு ஒருநாள் அது வேணாம். மேடம் வேற இடத்துக்கும் போகணுமாம். புது மெஷின், நேத்தே டெஸ்ட் பண்ணியாச்சு. நேரா சரக்க இறக்கு."

"மூணு நிமிஷம்தான் முதலாளி."

"நான் சொல்றேன்ல?"

"புது மெஷின்னாலதான் வேணும்ங்கறேன்."

முதலாளியின் முகம் வாடியது. அவள் தகட்டைத் தொங்கவிட்டு ஒன்றரை ஆம்பியர் வைத்தாள். மூன்று நிமிடமும் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெருகு இயந்திரம்கூட நின்றிருந்தது.

தகடு வெளியே வந்தது. வெள்ளையில்லை. உள்ளே போன மஞ்சளும் இல்லை. மங்கலாக, பழைய செம்புப் பாத்திரம் மாதிரி சிவந்திருந்தது.

முதலாளி "ஐயோ" என்றது வெளியில் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அதிகாரி அம்மாள் தகட்டைக் குனிந்து பார்த்தார். "கோட்டிங் ஏறல. பாத் தண்ணி கெட்டுப் போயிருக்கு போல," என்று காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்தது மேடம்... ஏம்மா, என்ன போட்ட இதுல?" என்று முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

பென்சில் அட்டையைத் தொடுவதை அவள் பார்த்தாள். பேக்கிங் மேசை கண்முன் வந்தது. பிறகு கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தகட்டைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். எழுதாதீங்க."

துடைத்து, தராசில் வைத்தாள். எண் நடுங்கி நின்றது. 12.31.

"பாத் கெடல," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கெட்டிருந்தா கறுப்பா வரும், திட்டுத்திட்டா வரும், ஏறினது உரிஞ்சு வரும். ஏறாமகூடப் போகும். ஆனா இருந்தது குறையாது. இதுல ஒம்பது பாயிண்ட் குறைஞ்சிருக்கு. தகடு வாங்கல மேடம். குடுத்திருக்கு."

"என்ன குடுத்திருக்கு?"

"எலக்ட்ரான. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். ரெண்டுல துத்தநாகம் அவசரக் குடுக்கை. எலக்ட்ரானக் குடுன்னு கேட்டா முதல்ல அவன்தான் குடுத்துட்டு அயனியாகித் தண்ணிக்குள்ள ஓடுவான். செம்பும் போகும், ஆனா கொஞ்சம் யோசிச்சுப் போகும். அதான் மிச்சம் நிக்கிற செம்பு மேல சிவப்பாத் தெரியுது."

"யாரு கேட்டது?"

"இந்தப் பெட்டிதான். தகட்டுக்குக் குடுக்க வேண்டியவன், தகட்டுலேருந்து பிடுங்கறான். ஒயர் மாறியிருக்கு."

மூலையில் நின்ற ஒயர்மேன் முன்னால் வந்தான். "அக்கா, ரெண்டு தடவ பாத்துதான் மாட்டினேன். செவப்பு பைக்கு, கறுப்பு கம்பிக்கு."

"செவப்பு ஒயரா, செவப்பு டேப்பா?"

அவன் குனிந்து ஒயர் நுனியைப் பார்த்தான். சிவப்பு ஒயர் கடையில் இல்லையென்று இரண்டும் கறுப்பாக வாங்கி, பெட்டிப் பக்கம் ஒன்றின் நுனியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தான்; மறுநுனிக்கு, ஒயர்களை ஓட்டிமுடித்த பிறகுதான் சுற்றினான். ஒயர்கள் தொட்டிக்கு அடியில் புகுந்து ஒன்றையொன்று தாண்டி மறுபக்கம் வந்தபோது, அங்கே டேப் சுற்றியது எந்த ஒயருக்கு என்று யாருக்குத் தெரியும்? மீட்டரைக் கொண்டுவந்து கம்பியையும் பையையும் தொட்டான். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு தெரிந்தது.

"மைனஸ் காட்டுதுக்கா," என்றான்.

"காட்டும். நேத்து டெஸ்ட் பண்ணப்ப என்ன பாத்தீங்க?"

"ஆம்பியர் வருதான்னு பாத்தோம்."

"அது எந்தப் பக்கம் ஓடினாலும் வரும் தம்பி."

முதலாளி தாங்கியில் தொங்கிய நூற்றிருபது இணைப்புகளைப் பார்த்தார். அவை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு சுருள் துணியை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒயர்மேன் மாற்றி மாட்டினான். அவள் இன்னொரு தகட்டை எடை போட்டாள்: 12.44. அதைப் பலகையில் எழுதிவிட்டு, தகட்டைத் தொங்கவிடுவதற்கு முன்பே அருகில் இன்னொரு எண்ணும் எழுதினாள்: 12.52.

"இது எதுக்கு?" என்றார் அதிகாரி அம்மாள்.

"மூணு நிமிஷம் கழிச்சு வரப்போறது மேடம்."

"முன்னாடியே எழுதிட்டீங்க?"

"எலக்ட்ரான எண்ணித்தானே அனுப்புறோம்."

மூன்று நிமிடம். தகடு வெள்ளை வெளேரென்று வந்தது. தராசில் எண் ஓடியது, தயங்கியது, 12.52-ல் நின்றது. மெருகு அண்ணன் தன் இயந்திரத்தை ஓங்கித் தட்டினார். "என் தங்கச்சி!" என்று கத்தினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் முதலில் சிரித்தவரும் அவர்தான்.

அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. அட்டையைப் புரட்டினார். "இன்னும் ஒரு கேள்வி இருக்கு. இப்ப பையில இருக்கிற நிக்கல்தானே எலக்ட்ரான இழக்குது? இழந்தபிறகு அதுக்கு என்ன மின்சுமை?"

அதே கேள்வி. பச்சை அக்காவுக்கு ஒரு கணம் அந்தத் தேர்வு அறையின் மர மேசை, அதில் யாரோ கீறிய அம்புக்குறி எல்லாம் தெரிந்தன.

"ப்ளஸ் ரெண்டு."

"இழந்தா எப்படி ப்ளஸ் ஆகும்?"

"நிக்கல் அணு ஒரு வீடு மேடம். இருபத்தெட்டுப் பேரு கலகலப்பானவங்க, இருபத்தெட்டுப் பேரு முணுமுணுக்கிறவங்க. சரிக்குச் சரி. வெளியிலேருந்து பாத்தா சத்தமே இல்லாத வீடு. முணுமுணுக்கிறதுல ரெண்டு பேரு பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா வீட்டுல என்ன கூடும்?"

அதிகாரி அம்மாளின் உதட்டோரம் அசைந்தது. "உங்க வீட்டுல அந்த ரெண்டு பேரு யாரு?"

"சொன்னா என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும்."

அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்தார். பெரிய சிரிப்பு, பென்சில் கீழே விழுந்தது. அதை எடுத்து, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தொட்டிப் பொறுப்பு என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கட்டம்: கல்வித் தகுதி.

முதலாளி அவசரமாக முன்னால் வந்தார். "மேடம், அனுபவம் இருபத்திரண்டு வருஷம்னு போட்டுக்கலாமே."

"இந்தக் கட்டம் கட்டாயமில்ல. காலியா விடலாம்," என்றார் அதிகாரி.

"விடவேணாம்," என்றாள் பச்சை அக்கா. கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனாவை வாங்கி, தானே எழுதினாள். குண்டு குண்டான எழுத்தில்: 'பள்ளி இறுதி. வேதியியலில் தோல்வி, இரண்டு மதிப்பெண்.'

அதிகாரி அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை பார்த்தார். கீழே தன் கையெழுத்தைப் போட்டு, முத்திரையை அழுத்தினார்.

அன்று மாலை வீட்டில் பூட்டுக்காரர் கதை முழுவதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். சிவந்த தகட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இதையும் எங்கயாவது மாட்டணுமா?" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது மறுநாள் பட்டறைக்குப் போயிற்று. மின்பெட்டியின் பக்கத்தில், யாரும் ஒயரைத் தொடுவதற்கு முன் கண்ணில் படுகிற உயரத்தில், ஒயர்மேனே அதைத் திருகாணி போட்டு மாட்டினான்.

நிறுவனத்தின் ஒப்புதல் தாள் கண்ணாடிச் சட்டமிட்டு வந்தது. முதலாளி அதை வாசலுக்கு நேரே மாட்டினார். அந்தக் கடைசிக் கட்டத்தை மறைக்கிற மாதிரி கீழ்ப்பக்கம் ஒரு நாட்காட்டியையும் தொங்கவிட்டார். பச்சை அக்கா மறுநாள் காலையில் தகட்டை எடை போட்டு, எண்ணை எழுதி முடித்தபிறகு, நாட்காட்டியை எடுத்துப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள்.

புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் நின்று படிப்பார்கள். கடைசி வரிக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "இது யாரு?" என்பார்கள்.

"நான்தான்," என்பாள் அவள், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு நிமிஷம் நில்லுங்க, எண்ணு நிக்கட்டும்."